பழைய கல்லே போதும்

இங்கிலாந்தில் 1555இல் வந்த சட்டம், சாலையைச் செப்பனிடும் பொறுப்பை அந்தந்த ஊரின் தலையிலேயே கட்டியது. ஊரார் ஆண்டுக்கு 4 நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பிறகு அது 6 நாளானது. வேலை எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பின்னர் முக்கியச் சாலைகளைச் சுங்கம் வசூலிக்கும் குழுக்கள் ஏற்றன. கையில் காசு வந்தும் சாலை தேறவில்லை.

1816இல் பிரிஸ்டல் சுங்கக் குழு ஜான் மெக்காடமை மேற்பார்வையாளராக அமர்த்தியது. அவருடைய யோசனை கஞ்சனுக்கும் பிடிக்கும்: புதுக் கல்லுக்குச் செலவழிக்காதே, சாலையில் கிடப்பதையே தோண்டியெடுத்து உடை. ஒரு கல் 6 அவுன்ஸைத் தாண்டக்கூடாது. அடியில் பெருங்கற்கள் வேண்டாம். மண் தரையை உயர்த்தி, நீர் வடியவிட்டு, சுமார் 10 அங்குலத்துக்கு ஜல்லியைப் பரப்பினால் வண்டிச் சக்கரங்களே இறுக்கிவிடும். உட்கார்ந்தபடி சிறு சுத்தியலால் உடைக்கும் வேலை என்பதால் முதியவர்கள், பெண்கள், சிறுவர்களை அமர்த்தினார்கள். சிக்கனத்தின் ஒரு பகுதி அவர்களுடைய குறைந்த கூலிதான். புகழுரைகளில் இது அதிகம் வராது.

மோட்டார் கார் வந்ததும் இந்த ஜல்லிச் சாலை புழுதி கிளப்பியது. அதற்கு விடை கண்டவர் ஓர் உள்ளாட்சிப் பொறியாளர்: நாட்டிங்காம்ஷயரின் எட்கர் ஹூலி. இரும்பாலைக் கசடோடு தார் கலக்கும் முறைக்கு 1902இல் காப்புரிமை பெற்றார்.

மெக்காடம் பழையதைத் தோண்டியெடுக்கச் சொன்னார்; தமிழ்நாட்டிலோ பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டு, வீடுகளைப் பள்ளமாக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021இல் அரசு அறிவுறுத்தியது. உங்கள் தெருவுக்குத் தார் வண்டி வந்தால், முதலில் சுரண்டினார்களா என்று கேளுங்கள்.