மாற்கு: ஓவியங்கள் தொலைந்த பின்னும் வளரும் பெயர்

ஈழத்தின் நவீன ஓவியம் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத பெயர் அ. மாற்கு. 1933 இல் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்று, பாடசாலை ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். 2000 இல் மறைந்தார்.

பார்த்ததை அப்படியே வரைவதுதான் ஓவியம் என்ற எண்ணம் வலுவாக இருந்த சூழலில், மாற்கு மனித உருவத்தை எளிமையாக்கியும் உடைத்தும் வரைந்து பார்த்தார். 1987 இல் அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலர் வெளியானது. போர்க்காலத்தில், வாழும் தமிழ் ஓவியர் ஒருவருக்காக இப்படியொரு நூல் வந்தது அபூர்வம்.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அந்த அலைவில் மாற்குவின் ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது.

கொழும்பில் நிலைமை வேறு. 1943 இல் தொடங்கிய '43 குழுவின் ஓவியங்களுக்கு, ஹரி பீரிஸ் தம் வீட்டில் நிறுவிய சபுமல் மன்றம் நிரந்தர இடமானது. ஜோர்ஜ் கீற் வரைந்த சுவரோவியங்களைப் பொரளை கோதமி விகாரையில் இன்றும் பார்க்கலாம். மாற்குவுக்கு அப்படி ஒரு சுவரோ கூடமோ வாய்க்கவில்லை.

ஆனாலும் அவர் பெயர் மறையவில்லை. அதற்கு முதற்காரணம் மாணவர்கள். அவரிடம் பயின்ற த. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கிறார்; போரில் மக்கள் இழந்த வீடுகளின் நினைவை வைத்து 2011 இல் அவர் வெளியிட்ட நூல் உலக அளவில் கவனம் பெற்றது. மட்டக்களப்பில் இயங்கும் வாசுகியும் மாற்குவின் மாணவியே. இரண்டாவது காரணம் அந்த 1987 மலர். நூலகம் இணையத்தளத்தில் இருக்கும் அதைத் தம்பலகாமத்தில் இருந்தபடி கைபேசியில் வாசித்துத்தான் நான் மாற்குவை அறிந்துகொண்டேன். 1990 இடப்பெயர்வில் கலியாணப் படத்தைக்கூட எடுக்க முடியாமல் ஓடிய குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒரு பிரதி எங்கேனும் தப்பியிருப்பதன் பெறுமதி அவர்களுக்குத் தெரியும்.

மாற்கு வரைந்த ஒரு ஓவியமோ கோட்டுப்படமோ உங்கள் வீட்டிலோ, புலம்பெயர்ந்த உறவினரிடமோ இருக்கலாம். இருந்தால், பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் முன்புறமும் பின்புறமும் படமெடுங்கள். நீள அகலம், கையொப்பம், வரைந்த ஆண்டு, உங்களிடம் வந்த விதம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். நேர்வெயிலும் ஈரச்சுவரும் படாத இடத்தில் வையுங்கள். லமினேற் செய்ய வேண்டாம். படத்தின் பிரதியை ஆவணப்படுத்துவோரிடம் கொடுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். ஒரு ஓவியரை அடுத்த தலைமுறை மதிப்பிட வேண்டுமானால், அதன் கண்முன் ஓவியங்கள் இருக்க வேண்டும்.