தன்னை எண்ணாதவர்கள்

முட்டாள்களின் கதை சொல்லாத தேசம் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் கதாசரித்சாகரத்தில் அவர்களை வரிசையாக அணிவகுக்கச் செய்தார். தமிழில் அந்த அணிவகுப்புக்குத் தலைமை தாங்குபவர் பரமார்த்த குரு.

இத்தாலியில் 1680இல் பிறந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவர், மேலைநாட்டுப் பாதிரிமார் பேச்சுத்தமிழ் பயிலும்பொருட்டு இக்கதையை எழுதினார். அது அச்சேறியது 1822இல், இலண்டனில், பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன். ஆசிரியர் மறைந்து 75 ஆண்டுகள் கடந்திருந்தன.

குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்கும் இடத்தை நினைவுகூருங்கள். ஆறு விழித்திருக்கிறதா என்றறிய எரியும் கொள்ளியை நீரில் வைக்கிறார்கள். அது சீறிப் புகைகிறது. பிறகு அணைந்த அதே கொள்ளியை வைத்து, சத்தமில்லை, ஆறு உறங்குகிறது என முடிவு செய்கிறார்கள். இதில் சோதனை உண்டு, அனுமானம் உண்டு. கொள்ளி அணைந்துபோனது மட்டும் கணக்கில் வரவில்லை. அக்கரை சேர்ந்ததும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகிறான். வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கோர் அடி கொடுத்து எண்ணிக் காட்டிக் கூலியும் பெறுகிறான்.

16ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வழங்கிய கோதம் ஊர்க் கதைகளிலும் இதே எண்ணிக்கை வருகிறது. நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் சர்வதேச அட்டவணை இதற்கு 1287 என்ற எண்ணையும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென நம்பும் கதைக்கு 1319 என்ற எண்ணையும் தந்துள்ளது. ஆகவே முனிவர் எல்லாவற்றையும் கற்பனையிலிருந்து படைத்தார் என்பது பொருந்தாது. ஊர் ஊராகத் திரிந்த கதைகளை ஒரே மடத்தில் குடியேற்றியதே அவர் செய்த காரியம்.

அப்படிக் குடியேற்றியதில் ஒரு புதுமை பிறந்தது. தனித்தனி முட்டாள்களுக்கு ஒரு குரு கிடைத்தார்; அறியாமைக்கு ஒரு பரம்பரை வந்தது. நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டும் சீடனிடம், நீ விழுவாய் என்கிறான் ஒருவன். சீடன் விழுகிறான், சொன்னவன் உடனே தீர்க்கதரிசியாகிவிடுகிறான். பின்னர் அவன் வாக்கை நம்பியே குரு தன் சாவுக்கு நாள் பார்க்கத் தொடங்குகிறார். இவர்களை வீழ்த்துவது பகைவர் எவருமல்லர், கீழ்ப்படிதலே.

அயல்நாட்டுப் பாதிரியார் நம் மடங்களை எள்ளி எழுதினார் என்று இதை ஒதுக்குவோர் உண்டு. எள்ளல் இல்லையென்று நானும் வாதிடமாட்டேன். ஆனால் ஐவரின் பெயர்களைப் பாருங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். மிலேச்சன் என்பது அந்நாளில் அயல்நாட்டாரைச் சுட்டிய சொல். எழுதியவரும் அயல்நாட்டாரே. சீடர்கள் செய்த பிழையை அவர் செய்யவில்லை. எண்ணும்போது தம்மையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.