நாக்-அவுட்டும் நுழைவாயிலும்: 1851 லண்டன் போட்டியிலிருந்து செஸ் உலகக் கோப்பை வரை

சதுரங்கத்தில் நாக்-அவுட் முறையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பை வழிமொழிகிறார்கள்: அது லாட்டரி. அந்தத் தீர்ப்புக்கு ஏற்ற ஒரு வரலாறும் வழக்கத்தில் இருக்கிறது. 1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டி நாக்-அவுட்டாக நடந்தது. குறை வெளிப்பட்டதும் 1862இல் எல்லோரும் எல்லோருடனும் ஆடும் ரவுண்ட் ராபின் வந்தது. 1997இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பழைய முறையைத் தூசி தட்டி எடுத்தது, பழைய குறையும் உடன் வந்தது. இந்த வரலாற்றின் வேரைத் தேடிப் போனால் ஹோவர்ட் ஸ்டான்டனிடம் போய் நிற்போம். 1851 போட்டியை அமைத்தவர் அவர். அதில் ஆடித் தோற்றவரும் அவர். 1852இல் அந்தப் போட்டியின் ஆட்டங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டவரும் அவரே. வழக்கில் சம்பந்தப்பட்டவரே வழக்கின் ஆவணத்தையும் எழுதியிருக்கிறார் என்பதை மனத்தில் வைத்துத்தான் அந்த நூலைப் படிக்க வேண்டும்.

அரையிறுதியில் ஸ்டான்டன் பிரெஸ்லாவைச் சேர்ந்த ஆசிரியர் அடால்ஃப் ஆண்டர்சனிடம் 4-1 எனத் தோற்றார். மூன்றாம் இடத்துக்கான போட்டியில் எலைஜா வில்லியம்ஸிடமும் தோற்று நான்காவதாக முடித்தார். தோல்விக்கு அவர் முன்வைத்த காரணங்கள் இரண்டு: உடல்நலக் குறைவு, அமைப்பாளர் பொறுப்பின் சுமை. உடனே அவர் கேட்ட பரிகாரம், ஆண்டர்சனுடன் 21 ஆட்டங்கள் கொண்ட தனிப்போட்டி. ஆண்டர்சன் சம்மதித்தார். ஆனால் இரண்டு மாதங்களுக்கு மேல் பள்ளியை விட்டு வந்திருந்த அவரால் லண்டனில் தங்க முடியவில்லை; ஸ்டான்டனின் உடல்நிலையும் உடனடியாக ஆட இடம் தரவில்லை. அந்தப் போட்டி நடக்கவே இல்லை. காரணங்களையும் பரிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் ஒரு நிலைப்பாடு தெளிவாகிறது: வலிமையை அளக்கும் கோல் நீண்ட தனிப்போட்டிதான், நாக்-அவுட் தருவது அந்த நேரத்து நிலவரத்தை மட்டுமே. பின்வந்தவர்கள் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: சீட்டுப் போட்டு எதிராளியைத் தீர்மானித்ததால் வலியவர்கள் தொடக்கத்திலேயே ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டார்கள்.

இந்தப் பார்வையின் முதல் பாதி அன்றே ஆட்டம் கண்டது. ஸ்டான்டனுடன் பிணக்கில் இருந்த லண்டன் செஸ் கிளப், அதே கோடையில் தனியாக ஒரு போட்டி நடத்தியது. ஸ்டான்டனின் போட்டியில் ஆடிய பலர் அதிலும் ஆடினார்கள். வென்றவர் ஆண்டர்சன். பதினோரு ஆண்டுகள் கழித்து முறையே மாறி, 1862 லண்டன் ரவுண்ட் ராபின் நடந்தபோது முதலிடம் பிடித்தவரும் ஆண்டர்சன்தான். அளவுகோலை மாற்றிய பிறகும் அதே விடை வந்தால், முதல் விடையைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. முதலிடத்தைப் பொறுத்தவரை 1851 நாக்-அவுட் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

ஆனால் முதலிடத்துக்குக் கீழே கதை வேறு. முதல் சுற்றின் பட்டியலை வரி வரியாகப் பார்ப்போம். பதினாறு பேர், எட்டு மோதல்கள்; இந்தச் சுற்றில் மட்டும் மூன்று ஆட்ட அளவிலான குறும்போட்டி, அடுத்த சுற்றுகளில் ஏழு ஆட்ட அளவு. ஆண்டர்சன் கீசெரிட்ஸ்கியை வீழ்த்துகிறார். ஹார்விட்ஸ் இளைஞர் பேர்டை வெளியேற்றுகிறார். வில்லியம்ஸ் லோவென்தாலை வெல்கிறார். எல்லோரும் சுட்டிக்காட்டுவது இந்த மூன்று வரிகளைத்தான். அந்த நாட்களில் இதே கீசெரிட்ஸ்கியுடன் ஆண்டர்சன் போட்டிக்கு வெளியே ஆடிய ஆட்டம் இன்றுவரை ‘அமர ஆட்டம்’ என்று கொண்டாடப்படுவதால், அவர் முதல் சுற்றிலேயே வெளியேறியது அநியாயத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

யாரும் நின்று பார்க்காத வரி ஒன்று அதே பட்டியலில் இருக்கிறது: மக்லோ, ஈ. எஸ். கென்னடியை 2-0 என வென்றார். என் வாதம் முழுவதும் இந்த ஒற்றை வரியின் மேல்தான் நிற்கிறது. இவர்கள் இருவரும் அதிகம் அறியப்படாத உள்ளூர் ஆட்டக்காரர்கள். ரஷ்யாவிலிருந்து எதிர்பார்க்கப்பட்ட யானிஷ் நேரத்துக்கு வந்து சேரவில்லை, ஷூமோவும் வரவில்லை. பிரான்சின் செயின்ட்-அமான் தூதரகப் பணிக்காகக் கலிஃபோர்னியா செல்ல வேண்டியிருந்தது. வராதவர்களின் நாற்காலிகளை நிரப்ப உள்ளூர்க்காரர்கள் சேர்க்கப்பட்டார்கள். அப்படிச் சேர்ந்த இருவரை சீட்டு எதிரெதிரே உட்கார வைத்தது. அதனால் அவர்களில் ஒருவர் காலிறுதிக்குப் போவது ஆட்டம் தொடங்கும் முன்பே உறுதியானது. அடுத்த சுற்றில் வில்லியம்ஸ் மக்லோவை 4-0 எனத் துடைத்தெடுத்தார். கீசெரிட்ஸ்கி இல்லாத கடைசி எட்டில் மக்லோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

இதற்குச் சீட்டு எவ்வளவு பொறுப்பு? பதினாறு பேரில் குறிப்பிட்ட இருவர் முதல் சுற்றில் சந்திக்க வாய்ப்பு 15இல் 1. பட்டியலில் பத்துப் பேர் வலியவர்களாக இருந்தால், எப்படிச் சீட்டுப் போட்டாலும் சிலர் முதல் சுற்றில் மோதித்தான் தீர வேண்டும். அதில் அநியாயம் இல்லை. சீட்டு ஏற்படுத்திய சேதத்தின் அளவு, பட்டியலில் எத்தனை பேர் வெறும் நிரப்பலாக வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. நிரப்பல் இல்லாத பட்டியலில் எந்தச் சீட்டும் மக்லோவைக் காலிறுதிக்கு அனுப்பியிருக்காது. அழைப்பு, கட்டணம், பயண வசதி ஆகிய மூன்றும் அமைந்தவர்கள் உள்ளே வந்தார்கள். ஆடித் தகுதி பெற்று வந்தவர் என்று அந்தப் பதினாறில் ஒருவரும் இல்லை. 1851இன் கோளாறு போட்டியின் உள்ளே இருந்ததைவிட அதன் வாசலில்தான் அதிகம் இருந்தது என்கிறேன். ஒரே ஒரு மோதலை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் எதிர்த்தரப்பும் மூன்று மோதல்களை வைத்துத்தான் ஒரு முறையையே தள்ளிவைத்திருக்கிறது.

ஓரிடத்தில் ஸ்டான்டனின் பக்கம் உண்மை இருக்கிறது. முதல் சுற்றில் லோவென்தாலை வெளியேற்றிய வில்லியம்ஸ், அதே ஆண்டு அவருடன் ஆடிய நீண்ட தனிப்போட்டியில் தோற்றார். மூன்று ஆட்ட அளவு போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் அது மோதலின் நீளத்தில் உள்ள குறை. அதைச் சரிசெய்ய முறையையே கைவிட வேண்டியதில்லை.

கைவிட்டதும் ஒரே நாளில் நடக்கவில்லை. மான்செஸ்டரிலும் நியூயார்க்கிலும் 1857இல் நடந்தவை நாக்-அவுட்கள். நியூயார்க்கில் வென்றவர் பால் மார்ஃபி, லாட்டரி என்று எவரும் சொல்லத் துணியாத பெயர். 1858 பர்மிங்ஹாமும் 1861 பிரிஸ்டலும் அதே வழியில் போயின. 1862இல் மாற்றம் வந்தபோது கூடவே வந்தது மணற்கடிகாரம். நேரக் கட்டுப்பாடே இல்லாத 1851இல் வில்லியம்ஸின் மந்த ஆட்டம் ஸ்டான்டனுக்குப் பெரும் மனக்குறையாக இருந்தது. ஒருவர் பத்துக்கும் மேற்பட்டவர்களுடன் ஆட வேண்டிய ரவுண்ட் ராபினை நேரத்துக்குக் கட்டுப்பாடு இல்லாமல் நடத்தி முடிப்பது கடினம். ஆகவே நியாய உணர்வு வளர்ந்ததால் முறை மாறியது என்பதைவிட, கடிகாரம் வந்ததால் மாற்றம் சாத்தியமானது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இது ஊகம்தான், இரண்டும் ஒரே போட்டியில் சேர்ந்து நிகழ்ந்தது மட்டுமே அதற்குள்ள பிடிமானம்.

வழக்கமான வரலாறு இதன் பின் 1997க்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவலில் ஒரு பெரிய உண்மை விடுபட்டுப் போகிறது. உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி 1962இல் குராசாவில் ரவுண்ட் ராபினாக நடந்தது. அதில் பெட்ரோசியான், கெல்லர், கெரஸ் மூவரும் தங்களுக்குள் ஆடிய அத்தனை ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். சோவியத் ஆட்டக்காரர்கள் கூடிப் பேசி ஆடினார்கள் என்று ஃபிஷர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அதன் பின் ஃபிடே கேண்டிடேட்ஸை நாக்-அவுட் தனிப்போட்டிகளாக மாற்றியது. 1965இல் கெரஸ், கெல்லர், டால் மூவரையும் அடுத்தடுத்து வென்று ஸ்பாஸ்கி முன்னேறினார். 1971இல் ஃபிஷர் தைமனோவையும் லார்சனையும் 6-0, 6-0 எனச் சாய்த்ததும் இதே நாக்-அவுட்டில்தான். ரவுண்ட் ராபினின் நோய்க்கு மருந்தாக நாக்-அவுட் வந்திருக்கிறது! அன்று அதை லாட்டரி என்று எவரும் பழிக்காததற்குக் காரணம், அதில் நுழையப் பெரும்பாலானோர் மண்டலப் போட்டி, இன்டர்சோனல் என்று இரண்டு படிகளை ஏறி வர வேண்டியிருந்ததுதான். 1851இல் இல்லாத வாசல் இங்கே இருந்தது.

ஃபிடேயின் பெரிய நாக்-அவுட்டுக்கு வருவோம். 1997 டிசம்பரில் குரோனிங்கனில் நடந்ததை நாக்-அவுட் உலக சாம்பியன்ஷிப்பின் தொடக்கம் என்கிறார்கள். ஆனால் அங்கே சுற்றுக்குச் சுற்று வென்று இறுதியில் ஆடம்ஸையும் வீழ்த்திய சென்னையின் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கிடைத்தது பட்டம் அல்ல. களைப்பு தீரும் முன்பே, 1998 ஜனவரியில் லோசானில், ஓய்வாகக் காத்திருந்த நடப்பு ஃபிடே சாம்பியன் கார்போவுடன் மோதும் உரிமை. ஆறு ஆட்டங்கள் 3-3 என முடிந்தன. ரேபிடில் கார்போவ் வென்றார். செயலளவில் குரோனிங்கன் ஒரு தகுதிப் போட்டிதான். அந்த நாட்களில் நாம் கொண்ட ஆதங்கத்துக்கு நாக்-அவுட் காரணமில்லை. ஒருவருக்கு மட்டும் இறுதிக்கு நேராகத் திறந்த கதவுதான் காரணம். இங்கும் கோளாறு வாசலில்தான்.

நாக்-அவுட் நேரடியாகப் பட்டம் சூட்டியது நான்கு முறைதான்: 1999இல் லாஸ் வேகஸில் காலிஃப்மன், 2000இல் டெல்லியில் தொடங்கி டெஹ்ரானில் முடிந்த போட்டியில் ஆனந்த், 2001-02இல் மாஸ்கோவில் போனமாரியோவ், 2004இல் திரிப்போலியில் காசிம்ஜானோவ். லாட்டரி என்ற வசையெல்லாம் இந்தச் சில ஆண்டுகளில் விளைந்தது. பின்னர் அது எப்போது பட்டத்தை விட்டுத் தகுதிப் படியாக மாறியது? 2005 என்பது பொதுவான விடை. அந்த ஆண்டு பட்டம் சான் லூயிஸின் எண்மர் போட்டிக்குப் போனது. ஆரோனியன் வென்ற காந்தி-மான்சிஸ்க் உலகக் கோப்பையிலிருந்து முதல் பத்துப் பேர் கேண்டிடேட்ஸுக்குத் தேர்வானார்கள். ஆனால் பிளவுபட்டிருந்த உலகப் பட்டத்தை ஒன்றிணைப்பதற்கான 2002 மே மாதத்துப் பிராக் ஒப்பந்தப்படியே, போனமாரியோவ் காஸ்பரோவுடன் மோத வேண்டும் என்றாகிவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன் சூட்டிய பட்டம், பின்தேதியிட்டு அரையிறுதிச் சீட்டாகச் சுருங்கியது. அந்தப் போட்டி நடக்கவில்லை. திரிப்போலி சாம்பியனுக்கும் காஸ்பரோவுக்கும் திட்டமிடப்பட்ட போட்டியும் நடக்கவில்லை. எழுத்தில் இருந்ததைக் கணக்கில் கொண்டால் மாற்றம் 2002இல் நிகழ்ந்தது. நடந்ததைக் கணக்கில் கொண்டால் 2005இல். நான் 2002 பக்கம் சாய்கிறேன், ஆனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அதன் பின் உலகக் கோப்பையின் வாசல் அகலமானது. கண்டச் சாம்பியன்ஷிப்புகள், மண்டலப் போட்டிகள், ரேட்டிங் என்று பல வழிகளில் 128 பேர் வந்தார்கள். 2021 சோச்சியிலிருந்து 206 பேர். ஒலிம்பியாட் இடவரிசையை வைத்துத் தேசியக் கூட்டமைப்புகளும் தங்கள் ஆட்டக்காரர்களை அனுப்ப வழி பிறந்தது. ரேட்டிங்கில் முன்னிற்கும் 50 பேருக்கு முதல் சுற்று கிடையாது. மீதி 156 பேர் மோதி 78 பேராகக் குறைந்து, அந்த 50 பேருடன் சேர்ந்து மீண்டும் 128 ஆகிறார்கள். இந்த ஏற்பாட்டில் இரண்டு மக்லோக்கள் முதல் சுற்றில் சந்திக்கலாம். வென்றவர் கடைசி எட்டை எட்ட இன்னும் நான்கு சுற்றுகள் ஆடி வெல்ல வேண்டும்.

லாட்டரி வாதத்தைச் சோதிக்க ஒரு வழி, வென்றவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது. 2009 கோப்பையை வென்ற கெல்ஃபாண்ட், 2011இல் கேண்டிடேட்ஸையும் வென்று, 2012இல் மாஸ்கோவில் ஆனந்தை 6-6 வரை இழுத்தார். 2015இல் வென்ற கர்யாக்கின் அடுத்த ஆண்டு நியூயார்க்கில் கார்ல்சனை அதே 6-6இல் நிறுத்தினார். இருவரும் ரேபிடில்தான் வீழ்ந்தார்கள். 2023 பாக்குவில் நகமுராவையும் கருவானாவையும் வென்று, இறுதியில் டை-பிரேக்கில் கார்ல்சனிடம் தோற்ற பிரக்ஞானந்தா அங்கிருந்துதான் கேண்டிடேட்ஸுக்குப் போனார்.

எதிர்ச் சான்றாக அடிக்கடி முன்வைக்கப்படுபவர் அதே பாக்குவில் நான்காவதாக வந்த அபாசோவ். கார்ல்சன் விலகியதால் அவருக்குக் கேண்டிடேட்ஸ் இடம் கிடைத்தது. 2024 டொரான்டோவில் 14 ஆட்டங்களில் மூன்றரைப் புள்ளியோடு கடைசியில் முடித்தார். அவரை மக்லோவுக்குப் பக்கத்தில் நிறுத்தத் தோன்றலாம். ஆனால் மக்லோ கடைசி எட்டுக்குப் போகத் தாண்டியது, தன்னைப் போலவே நாற்காலி நிரப்ப வந்த ஒருவரை. அபாசோவ் அரையிறுதிக்குப் போகும் வழியில் கிரியையும் ஸ்விட்லரையும் விதித்தையும் வென்றிருந்தார்.