நல்ல பிள்ளைகள் மாளிகை

ஆலயம் எழும்பிய வரலாறும், முன்னாள் பங்குக் குருக்களின் சேவையும் இம்மலரின் பிற பக்கங்களில் விரிவாக இடம்பெற்றுள்ளன. யூபிலியின் நினைவாக அநாதைக் குழந்தைகளுக்கும் கண்பார்வையற்றோருக்கும் நிலையான உதவி ஒன்று செய்யவேண்டுமென்று பங்குப் பேரவையினர் விரும்புவதால், இத்தகைய பணி திருச்சபையில் எவ்வாறு வளர்ந்தது என்று எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டனர். அது பெரிய வரலாறு. பாரீஸ் மாநகரில், புனித விக்டர் தெருவில் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன். அநாதைகளின் தந்தை என்று நாம் போற்றும் புனிதரும், பார்வையற்றோருக்கு எழுத்து தந்த மனிதரும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் அங்கேதான் வாழ்ந்தனர்.

அக்கட்டடத்தின் பெயர் 'நல்ல பிள்ளைகள் கல்லூரி'. ஏழை மாணவர் தங்கிப் படிப்பதற்கென்று மத்திய காலத்தில் ஏற்பட்டது. பாழடைந்த நிலையில் அது புனித வின்சென்ட் தே பவுலின் பொறுப்பில் வந்தது. 1625-ஆம் ஆண்டு அவர் தமது மறைபரப்புச் சபையை அங்குதான் தொடங்கினார். 1632-இல் புனித லாசர் மடத்திற்குக் குடிபெயர்ந்த பிறகும் பழைய வீடு அவருடைய சபையின் கையிலேயே இருந்தது.

அக்காலத்தில் பாரீஸ் தெருக்களிலும் கோவில் வாசல்களிலும் ஆண்டுதோறும் 300, 400 பச்சிளங் குழந்தைகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவர்களைச் சேர்ப்பதற்கு நகரத்தார் ஒரு வீடு வைத்திருந்தனர். அங்கே பாலூட்டுவதற்குப் போதிய தாதியர் இல்லை. அழும் குழந்தைக்கு அபின் கலந்த மருந்து கொடுத்துத் தூங்க வைத்தனர். பலர் மாண்டனர், சிலர் பிச்சைக்காரர் கையில் அற்ப காசுக்கு விற்கப்பட்டனர். குழந்தையைக் கையில் வைத்திருந்தால் பிச்சை அதிகம் விழும் அல்லவா?

1638-இல் வின்சென்ட் அடிகளாரும், அன்புப் பணிப் பெண்களும், புனித லூயிஸ் தே மரிலாக்கின் கன்னியரும் இந்த வேலையில் இறங்கினர். எல்லாரையும் ஏற்பதற்குப் பணம் இல்லை. ஆகவே சீட்டுப் போட்டுப் பன்னிரண்டு குழந்தைகளை எடுத்தனர். மற்றவர்களை விட்டுவிட்டு வந்த அந்தப் பெண்கள் அன்றிரவு எப்படி உறங்கியிருப்பார்களோ! இரண்டே ஆண்டுகளில், 1640-இல், அனைத்துக் குழந்தைகளையும் ஏற்பதென்று முடிவு செய்துவிட்டனர். பணம் சேர்ந்துவிட்ட பிறகு எடுத்த முடிவல்ல அது. பின்னாளில் கடன் முற்றி, கைவிட்டுவிடலாமா என்று அப்பெண்களே கலங்கிய காலமும் உண்டு. அடிகளார் விடவில்லை.

பார்வையற்றோருக்கோ பிரெஞ்சு நாட்டில் இன்னும் பழைய உதவி ஒன்று இருந்தது. புனித ஒன்பதாம் லூயி மன்னர் 1260-ஐ ஒட்டி 300 பேருக்கு ஓர் இல்லம் அமைத்தார். பதினைந்து இருபதுகள் என்று அதற்குப் பெயர். சிலுவைப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காகக் கட்டியது என்பது பிற்காலத்துக் கட்டுக்கதை, ஏழைகளுக்காகவே கட்டினார். உறைவிடமும் வழிபாடும் அங்கு இருந்தன. ஆனாலும் அவ்வில்லத்தார் நகரில் பிச்சையெடுத்துத்தான் பிழைத்தனர். மன்னரின் பரிவில் குறை காண்பதற்கில்லை. பார்வையற்றவரால் வேறொன்றும் ஆகாது என்பதே அன்று எல்லாருடைய எண்ணமுமாக இருந்தது.

அந்த எண்ணம் எவ்வளவு கொடியது என்பது 1771-இல் பாரீஸ் சந்தை ஒன்றில் வெளிப்பட்டது. பார்வையற்ற சிலருக்குக் கோமாளி உடையும் பெரிய மூக்குக்கண்ணாடியும் மாட்டி, வாத்தியம் வாசிக்கச் செய்து கூட்டம் சிரித்தது. அதைக் கண்டு மனம் புண்பட்டவர்களில் வலன்ட்டீன் ஹாவுய் ஒருவர். (படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற ஹாவுய் குருவானவர் இவருடைய அண்ணன்தான்.) 1784-இல் ஆலய வாசலில் பிச்சையெடுத்துக் கொண்டிருந்த பிரான்சுவா லெசுவர் என்ற வாலிபனை இவர் சந்தித்தார். படிக்க வந்தால் பிச்சைக் காசு போய்விடுமே என்று அவன் தயங்கியபோது, அந்த நஷ்டத்தைத் தாமே ஈடுசெய்தார். காகிதத்தில் புடைத்து நின்ற எழுத்தை விரலால் தடவி, சில மாதங்களில் லெசுவர் வாசித்தான். பார்வையற்ற சிறுவருக்கான பள்ளி மறு ஆண்டில் உருவாயிற்று.

இந்தப் பள்ளி 1816-இல் குடிவந்த இடம் எது தெரியுமா? வின்சென்ட் அடிகளாரின் அதே பழைய வீடுதான். இடையில் அது புனித ஃபிர்மின் குருமடமாக இருந்தது. 1792 செப்டம்பரில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, அங்கே அடைத்து வைக்கப்பட்ட குருக்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த இரத்தம் தோய்ந்த, ஈரம் கசியும் சுவர்களுக்குள் பார்வையற்ற பிள்ளைகள் வந்து சேர்ந்தனர்.

1819-இல் அங்கு வந்த பத்து வயதுப் பையன் லூயி பிரெயில். குவ்ரே கிராமத்தில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். மூன்று வயதில் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதிற்குள் முழுப் பார்வையும் போயிற்று. அவனைக் கோவில் பக்கம் ஒதுக்கி உட்கார வைக்காமல் பாடம் சொல்லிக்கொடுத்தவர் பல்லுவி அடிகளார் என்ற அவ்வூர்ப் பங்குக் குரு. பாரீஸ் பள்ளியில் இடம் கிடைக்க முயன்றவர்களில் அவரும் ஒருவர். பங்குக் குருக்களாகிய எங்களுக்கு இது சற்றுப் பெருமையான செய்தி, மறைப்பானேன்!

ஹாவுயின் புடைப்பெழுத்து நூல்கள் தலையணை போலக் கனத்தன, வாசிப்பு மெதுவாக நடந்தது, எழுதவோ வழியில்லை. சார்ல் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளால் ஆன ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு புள்ளிகளும் ஒரு விரல்நுனியில் அடங்கவில்லை. லூயி அவற்றை ஆறாகக் குறைத்தான். ஒரு தொடுதலில் ஓர் எழுத்து. ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள். 1824-இல் முறை ஏறக்குறைய முடிந்தபோது அவனுக்கு வயது பதினைந்து. குத்தூசியால் கண்ணிழந்தவன், குத்தூசி போன்ற ஒரு கருவியால் எழுதக் கற்றுக்கொடுத்தான். 1829-இல் நூலாக வெளியிட்டார். இசைக் குறியீட்டையும் அதே புள்ளிகளில் அமைத்தார். அவரே புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். லெசுவர் அமர்ந்த இடம் ஆலய வாசல். இவர் அமர்ந்தது பாடற்குழு மேடை.

இத்தனைக்குப் பிறகும் 1840-இல் பள்ளித் தலைமை மாறியபோது புள்ளி எழுத்து விலக்கப்பட்டது. பார்வையற்றோருக்குத் தனி எழுத்து இருந்தால் மற்றவரிடமிருந்து பிரிந்துவிடுவர் என்பது வாதம். சொன்னவர்கள் பார்வையுள்ளவர்கள், கெட்ட எண்ணத்தில் சொல்லவுமில்லை. தரும காரியங்களில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். யாருக்காகச் செய்கிறோமோ அவரைக் கேளாமலே அவருக்கு எது நல்லதென்று நாமே தீர்மானித்து விடுகிறோம். மாணவர்களோ இரகசியமாகப் புள்ளியிலேயே எழுதினர். சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது. 1854-இல் முறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டபோது, பிரெயில் சயரோகத்தால் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே பத்தாண்டில் பாரீஸில் ஆன் பெர்குனியோன் அம்மையார் நிறுவிய புனித பவுல் கன்னியர் சபை, பார்வையற்ற பெண்களையும் துறவிகளாக ஏற்றது. உதவி பெற வந்தவர்கள் உதவி செய்பவர்களாயினர்.

நம் பங்கில் பலர் உறுப்பினராயிருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையை 1833-இல் ஓசனாமும் தோழர்களும் தொடங்கியதும், அந்தப் பழைய வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான். நம் நாட்டில் இப்பணிக்கு வழிகாட்டியதில் பிற சபைச் சகோதரர்களின் பங்கையும் நன்றியுடன் சொல்லவேண்டும். பாளையங்கோட்டையில் 1890-இல் அஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியை நெல்லைச் சீமையில் அறியாதவர் இல்லை. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் அமைந்தது.

மறு ஆண்டு, 1952-இல், பிரெஞ்சு அரசு லூயி பிரெயிலின் உடலைக் குவ்ரேயிலிருந்து எடுத்துச் சென்று, நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனில் அடக்கம் செய்தது. அந்த விழாவுக்கு ஹெலன் கெல்லர் வந்திருந்தார். கைகளை மட்டும் ஊரார் தங்களிடமே வைத்துக்கொண்டனர். அவை ஒரு சிறு பேழையில், அந்தக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றன.