எகிறுவதும் எகுருவதும்

'எகிறு' என்ற வினைக்குத் தமிழில் விசையோடு மேலே எழும்புதல் என்று பொருள். சட்டென்று நிகழ்வதுதான் இச்சொல்லின் உயிர். தரையில் பட்ட பந்து எகிறும். சுத்தியல் தவறினால் ஆணி எகிறும். பறவை மட்டும் எகிறாது, பறக்கும். பல்லின் ஈற்றையும் பேச்சில் 'எகிறு' என்பதுண்டு. அது வேறு சொல்.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திர ஊரான பிச்சாட்டூரில் இதற்கு உறவான தெலுங்குச் சொல் 'எகுரு'வும் காதில் விழும். தெலுங்கில் காக்கை, விமானம், காற்றாடி எல்லாமே எகுரும். தமிழர் கொடியை ஏற்றுவார்கள். தெலுங்கர் அதையே 'ஜெண்டா எகுரவேயடம்' என்பார்கள். எழும்பும் அந்தக் கணத்தோடு தமிழ் நின்றுவிட, தெலுங்கு காற்றில் மிதப்பதையும் சேர்த்துக்கொண்டது.

தெலுங்கில் 'எகு' என்று தொடங்கும் சொற்கள் பலவற்றில் மேல் என்ற பொருள் தங்கியிருக்கிறது. எகுவ என்றால் மேற்புறம், திகுவ என்றால் கீழ்ப்புறம். பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் குறுக்கே அணை இருப்பதால் இந்த இரண்டும் மழைக்காலத்தில் அடிக்கடி அடிபடும் சொற்கள். எகுவயில் கொட்டும் மழை அணையை நிரப்பும். திறந்துவிடும் நீர் திகுவயில் ஊத்துக்கோட்டைப் பக்கம் போகும். ஏற்றுமதிக்கு எகுமதி, இறக்குமதிக்கு திகுமதி. கடன் வாங்கிவிட்டுத் திருப்பாமல் இருப்பது 'எகவேத'. தமிழன் ஏப்பம் விடும் கடனைத் தெலுங்கன் மேலே வீசிவிடுகிறான் போலும்!

தமிழ் 'எகிறு'வுக்கு உருவக வழக்கே செழிப்பு. தக்காளி விலை எகிறும், ரத்த அழுத்தம் எகிறும். "பல்லு எகிறிடும்" என்றால் அடி விழப்போகிறது. "என்னடா, ரொம்ப எகிறுற?" என்று மூத்தவர் இளையவரை அதட்டுவார், மரியாதை கொடுக்க வேண்டியவரிடம் அப்படிக் கேட்க முடியாது. இங்கே இரு மொழியும் ஒன்றுசேர்கின்றன: அளவுமீறித் துள்ளுபவனைத் தெலுங்கிலும் 'எகிரெகிரி படுதுன்னாடு' என்றே சொல்வார்கள்.

2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து பிச்சாட்டூர் சேர்ந்த திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டாவும் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டைத் தெலுங்கில் எகிரிந்தி என்று சொல்லலாம். தமிழ்ச் செய்தித்தாளில் அது விண்ணில் பாயும், சீறிப் பாயும்; எகிறியது என்று எழுதினால், ஏவுதளத்தில் ஏதோ கோளாறு என்றே வாசகர் நினைப்பார்.