பிளேடும் பென்சிலும்

பழைய ரேடியோவைப் பழுது பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர், "இந்தப் பார்ட் இப்போது கிடைப்பதில்லை, ஸார்" என்று பெட்டியை மூடிவிடுவார். மற்றவர், "அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது?" என்று தம்மையே கேட்டுக்கொள்வார். அந்த வேலையைச் செய்யக்கூடிய வேறொன்றைத் தேடி வைப்பார். பெட்டி பேசத் தொடங்கிவிடும். ரேடியோவின் சரித்திரத்தைப் புரட்டினால் இந்த இரண்டாம் வகையாரின் கைவண்ணத்தைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

நமக்கு அண்டை வீடான இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் சினிமாப் பாட்டால் தமிழ்நாட்டு வீடுகளைக் கட்டிப்போட்ட இலங்கை வானொலியின் பூர்வகதை, 1923-ல் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையில் தொடங்குகிறது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற எஞ்சினீயர் அங்கிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். அதற்கான கருவியை எதிலிருந்து செய்தார்கள் தெரியுமா? பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் ரேடியோச் சாமான்களிலிருந்து! யுத்தக் கட்டளைகளைக் கேட்ட உறுப்புகள் பாட்டுப் பாட வந்துவிட்டன. உறுப்புகளுக்குப் பூர்வாசிரம நினைவு இருப்பதில்லை.

இது சாமான் கிடைத்தவர்களின் கதை. கிடைக்காதவர்களின் கதை இன்னும் சுவையானது. 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்ஸியோ கடற்கரையில் இறங்கிய நேசநாட்டுப் படை ஏறக்குறைய நான்கு மாதம் அங்கேயே முடங்கிக் கிடந்தது. பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குப் பாட்டுக் கேட்க ஆசை. ரேடியோ அலை முன்னும் பின்னும் ஊசலாடி வருவது. அதை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ஒருவழிக் கதவு இருந்தால்தான் காதுக்கு எட்டும். கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம் அந்த வேலையைச் செய்யும் என்று 1904-லேயே அமெரிக்காவில் பேடண்ட் பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ்.

குழிக்குள் படிகத்துக்கு எங்கே போவது? நீலம் பாரித்த சவர பிளேடு ஒன்றைப் பலகையில் பொருத்தினார்கள். ஊக்கின் நுனியில் பென்சில் கரித்துண்டைக் கட்டி, பிளேடைத் தொட்டும் தொடாமலும் வைத்தார்கள். பிளேடின் மேலிருந்த ஆக்ஸைடுப் படலமே கதவாயிற்று. ஒரு கம்பிச்சுருள், ஓர் ஏரியல், மண்ணில் புதைத்த ஒரு கம்பி, அவ்வளவுதான், பாட்டரிகூடக் கிடையாது. ஹெட்போன் மட்டும் அசலாகவே வேண்டியிருந்தது.

இதிலிருந்து எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்று கொண்டுவிடக் கூடாது. ஃப்யூஸுக்குப் பதில் ஆணியைச் செருகுகிற மேதாவிகளும் உண்டு. ஃப்யூஸின் வேலை, சமயம் வரும்போது தான் உருகிச் செத்து மற்றவற்றைக் காப்பது. ஆணி சாகாது, வீட்டை எரித்துவிடும். வேலையை அறியாமல் வைத்த மாற்று, மாற்று அல்ல.

வேலையை அறிந்தவனுக்கோ பொருள் ஒரு பொருட்டல்ல. கண்டென்சர் என்றால் நடுவே காகிதம் வைத்த இரண்டு உலோகத் தாள்கள். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளே போதும். ரெக்டிபயர் என்றால், வெண்காரம் கரைத்த நீரில் ஓர் அலுமினியத் துண்டும் ஓர் ஈயத் துண்டும் போதும்.

இதெல்லாம் பொழுதுபோக்குச் சாமர்த்தியம்தானே என்பவர்களுக்கு போர்னியோவின் சண்டகான் முகாமை நினைவுபடுத்துவேன். 1942-ல் ஜப்பானியர் அங்கே அடைத்த ஆஸ்திரேலியக் கைதிகள், ஊர்மக்கள் ரகசியமாகக் கொடுத்த உதிரிப் பொருள்களைக் கொண்டு ஒரு ரேடியோ செய்து உலகச் செய்தி கேட்டார்கள். 1943 ஜூலையில் குட்டு வெளிப்பட்டது. ரகசியத் தொடர்புகளுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லயனல் மாத்யூஸ் சித்திரவதையிலும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 மார்ச் 2-ம் தேதி கூச்சிங்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உதவி செய்த ஊர்க்காரர் எட்டுப் பேரையும் கொன்றார்கள். அந்த முகாமில் கடைசியில் இருந்த சுமார் 2,400 கைதிகளில் யுத்தத்துக்குப் பின் உயிரோடு மிஞ்சியவர்கள் ஆறே பேர்.

வேலியும் காவலும் சோதனையும் பொருள்களைத் தடுத்துவிடும். ஒரு பொருள் எதற்காக இருக்கிறது என்று அறிந்த மனிதனிடமிருந்து அந்த அறிவை எப்படிப் பறிமுதல் செய்வது? அது தெரியாததனால்தான் துப்பாக்கியைத் தூக்கினார்கள் என்று எண்ணுகிறேன்.