கடற்கரை விடுதியும் உழைப்பாளர் ஓய்வும்

ஓய்வு என்பது செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் நெடுநாள் உலகை ஆண்டு வந்தது. உழைப்பாளி ஒருவன் மனைவி மக்களோடு கடற்கரை விடுதியில் நான்கு நாள் தங்கி வருதல் இன்று வியப்பன்று. ஆயினும் அவ்வழக்கம் தானே வந்ததன்று. அது வந்த வழியை இங்கிலாந்திலுள்ள பிளாக்பூல் நகர விடுதிகளின் வரலாறு நன்கு விளக்கும்.

கடல் நீரில் நீராடுதலும் அதனைப் பருகுதலும் நோய் தீர்க்கும் என்று ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர் 1750-இல் ஒரு நூல் எழுதினார். அதன் பின்னர்ப் பிரபுக்களும் சீமாட்டிகளும் பிரைட்டன் கடற்கரையை நாடினர். ஏழைக்கோ வண்டிச் சத்தத்திற்குப் பணமும் இல்லை. வேலையை விட்டுச் செல்லப் பொழுதும் இல்லை.

1846-இல் பிளாக்பூலுக்கு இருப்புப்பாதை வந்தது. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில், கோயில் திருவிழாவை ஒட்டி ஆண்டுக்கொருமுறை ஆலைகளை அடைக்கும் 'வேக்ஸ்' என்னும் வழக்கம் முன்னரே இருந்தது. அவ்வாரம் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், கோடை முழுதும் ஓர் ஊரார் போக மற்றோர் ஊரார் வந்தவண்ணம் இருந்தனர். விடுதிகள் தெருத்தெருவாகப் பெருகின.

அவற்றை நடத்தியோர் பெரும்பாலும் பெண்களே. இறைச்சியும் முட்டையும் மாவும் குடும்பத்தார் வாங்கிக் கொடுப்பர். விடுதியம்மாள் சமைத்துத் தருவாள். கூலி படுக்கைக்கும் பணிவிடைக்குமே. உப்பும் மிளகும் வைத்த தட்டுக்குத் தனிக்காசு கேட்ட விடுதிகளும் உண்டு! ஓய்வுக்கு வந்த தாய் அங்கும் கடைக்கு அலைய நேர்ந்தது. விடுதியாரே உணவளிக்கும் முறையும், படுக்கையோடு காலையுணவு மட்டும் தரும் முறையும் பின்னர்ப் பரவின.

நிற்க. இவ்வின்பம் யார் பணத்தால் வந்தது? ஆலை அடைத்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. தொழிலாளர் ஆண்டு முழுதும் வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேமித்து, அதனை ஒரே வாரத்தில் செலவிட்டனர். சேமிக்க இயலாதோர், புகைபோக்கிகள் ஓய்ந்த ஊரிலேயே கிடந்தனர். தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் வாதாடிய பின்னரே, 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை பற்றிய சட்டம் பிறந்தது. அதுவும் எல்லார்க்கும் கட்டளையிடவில்லை. கூலி நிர்ணய சபைகள் ஒரு வாரம் அளிக்கலாம் என்றே இசைந்தது.

தோழர்களே! தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓராண்டு உழைத்தவர்க்குச் சம்பளத்தோடு 8 நாள் விடுமுறை உண்டு. அது முதலாளி இடும் பிச்சையன்று, உழைத்தவரின் உரிமை. அதனை வீணே கழியவிடுவோர் இன்னும் நம்மிடையே உளர். ஒன்றிரண்டு நாளேனும் குடும்பத்தோடு கடற்காற்று வாங்கி வாருங்கள். அந்நாளில் அடுப்பூதும் வேலையிலிருந்து வீட்டுப் பெண்களுக்கும் விடுதலை கொடுங்கள். தாய் ஓயாத விடுமுறை பாதி விடுமுறையே ஆகும்.